பசுத் தொடக்கமும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களும்: டைலர்1 ஆடிய செஸ்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செஸ்.காம் தளத்தில் பத்து நிமிட ரேபிட் ஆட்டத்தில் உங்கள் ரேட்டிங், அதாவது ஆட்ட வலிமையைக் காட்டும் எண், ஓராண்டாக 1150 அளவிலேயே நிற்கிறது. அமெரிக்க ஒளிபரப்பாளரான டைலர் ஸ்டெய்ன்கேம்ப், அதாவது இணையத்தில் டைலர்1 என்று அறியப்படுபவர், இருபத்தெட்டு வயதில் செஸ்ஸைக் கையில் எடுத்து ஓராண்டுக்குள் அதே தளத்தில் 1900ஐக் கடந்ததைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்கிறீர்கள். அவருடைய ஆட்டத்துக்குப் பாணி என்று ஒன்று இருக்கிறதா? அந்த 1900 உண்மையான வலிமையா, ஓயாமல் ஆடியதால் தானாக ஏறிய எண்ணா? அவரைப் போல ஒரே தொடக்கத்தை, அதாவது முதல் சில நகர்வுகளின் ஒரே அமைப்பை, மட்டும் ஆடினால் உங்களுக்கும் அது நடக்குமா? நான் பெரிய ஆட்டக்காரன் அல்லன். மாவட்ட அளவிலான போட்டிகளில் ஆடியவன், பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோருக்கும் சொல்லித் தருபவன். வளர்ந்தவர்கள் செஸ் கற்பது பற்றி எனக்கு நெடுநாளாக உள்ள அக்கறையால் இவருடைய வளர்ச்சியை ஆர்வத்தோடு கவனித்தேன், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செஸ்ஸுக்கு வருமுன் அவர் யார் என்பது இங்கே தேவையான செய்தி. ‘லீக் ஆஃப் லெஜன்ட்ஸ்’ என்ற கணினி விளையாட்டில் பெயர் பெற்றவர் அவர். அந்த விளையாட்டில் ஒரு குழுவுக்கு ஐந்து வெவ்வேறு பொறுப்புகள் உண்டு; பெரும்பாலோர் ஒன்றில் மட்டுமே தேர்ச்சி பெறுவார்கள். இவரோ ஐந்திலும் தனித்தனியே ஆடி, ஒவ்வொன்றிலும் ‘சாலஞ்சர்’ எனப்படும் உச்ச நிலையைத் தொட்டார். ஒரு பொறுப்பில் உச்சத்தைத் தொட்டதும் அதை விட்டு அடுத்ததில் தொடங்குவதும், அங்கே மாதக்கணக்கில் தோற்றுக்கொண்டே கற்பதும் அவருக்கு ஏற்கெனவே பழகிய வழி. 2023இல் செஸ்.காம் நடத்திய ‘பாக்சாம்ப்ஸ்’ தொடரின் ஐந்தாவது பதிப்பில் அவர் கலந்துகொண்டார். ஒளிபரப்பாளர்களும் பிரபலங்களும் ஆடும் அமெச்சூர் போட்டி அது, 2020இல் தொடங்கியது. அதில் அவர் ஆடியது தொடக்கநிலை ஆட்டம்தான், தோல்விகளோடு வெளியேறினார். அப்போது அவருடைய ரேட்டிங் சில நூறுகளே. மற்ற பலர் அத்தோடு செஸ்ஸை விட்டுவிட்டார்கள்; இவர் விடவில்லை. 2024 தொடக்கத்தில் 1500 அளவை எட்டினார், அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 1900ஐத் தாண்டினார். இடையில் ஆடிய ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன, தீர்த்த புதிர்களும் அப்படியே.

இனிப் பாணி. அவருடைய செஸ்ஸைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் பசுத் தொடக்கத்தில்தான் ஆரம்பிப்பார்கள். ‘கௌ ஓப்பனிங்’ என்ற இதைப் பரப்பியவர் ஒளிபரப்பாளரும் செஸ் வீராங்கனையுமான அன்னா கிராம்லிங். ஸ்வீடனின் கிராண்ட்மாஸ்டர் பியா கிராம்லிங்கின் மகள். வெள்ளைக் காய்களில் ஆடும்போது ராஜாவுக்கும் ராணிக்கும் முன்னுள்ள சிப்பாய்களை ஒவ்வொரு கட்டம் மட்டும் நகர்த்தி, இ3, டி3 என்று வைக்க வேண்டும் (பலகையின் நெடுவரிசைகளை ஏ முதல் எச் வரை எழுத்தாலும், குறுக்கு வரிசைகளை 1 முதல் 8 வரை எண்ணாலும் குறிப்பது வழக்கம்). ஒரு குதிரை இ2 வழியாக ஜி3க்கும், மற்றொன்று டி2 வழியாக பி3க்கும் போகும். கறுப்பில் ஆடும்போதும் கண்ணாடியில் பார்த்ததைப் போல இதே அமைப்புதான். எதிராளி எதை ஆடினாலும் ஏறத்தாழ முதல் ஆறு நகர்வுகள் மாறுவதில்லை.

நூல் முறைப்படி பார்த்தால் இது நல்ல தொடக்கம் அல்ல. அந்த ஆறில் நான்கு நகர்வுகள் குதிரைகளுக்கே செலவாகின்றன. வழக்கமான முறையில் அவை இரண்டே நகர்வில் எஃப்3க்கும் சி3க்கும் வந்து நின்றிருக்கும். அதே ஆறு நகர்வுகளுக்குள் கறுப்பு இ5, டி5 என்று நடுப்பலகையைப் பிடித்து, இரு குதிரைகளையும் ஒரு பிஷப்பையும் வெளியே கொண்டுவந்து, ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் காஸ்லிங்கையும் முடித்துவிடலாம். அதோடு, ஓரத்தை ஒட்டி நிற்கும் அந்தக் குதிரைகளைச் சிப்பாயால் விரட்டவும் முடியும்: எச் சிப்பாய் எச்5, எச்4 என்று முன்னேறினால் ஜி3 குதிரைக்கும், ஏ சிப்பாய் ஏ5, ஏ4 என்று வந்தால் பி3 குதிரைக்கும் வீட்டைக் காலி செய்யும் நிலை வரும். சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு எதிராக, இதை ஆடுபவர் ஓரளவு இறுக்கமான நிலையிலிருந்துதான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்.

அப்படியிருந்தும் இது அவருக்கு ஏன் பலித்தது என்பதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். முந்நூறு, ஐந்நூறு ரேட்டிங்கில் ஆட்டங்கள் எப்படி முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ராணியும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7ஐத் தாக்கும் நான்கு நகர்வு மேட், இத்தாலியன் என்ற தொடக்கத்தில் குதிரை ஜி5க்குத் தாவி அதே எஃப்7இல் விழும் அடி, தெரியாமல் திறந்துவிட்ட மூலைவிட்டத்தில் பறிபோகும் யானை. கறுப்பில் பசுத் தொடக்கம் ஆடுபவர் தொடக்கத்திலேயே இ6 வைத்துவிடுவதால், சி4 பிஷப்புக்கு எஃப்7க்குப் போகும் வழியே அடைபட்டுவிடுகிறது. காய்கள் நேருக்கு நேர் மோதுவது தாமதமாவதால், மனப்பாடம் செய்துகொண்டு வந்த பொறிகளுக்கு இடம் குறைகிறது. எதிராளி யூடியூபில் பார்த்துப் படித்ததெல்லாம் ஐந்தாவது நகர்வோடு தீர்ந்துபோய், இருவருமே சொந்த அறிவைக் கொண்டு ஆட வேண்டிய நடு ஆட்டம் ஒன்று தொடங்குகிறது. ஆனால் அந்த நடு ஆட்டத்தை ஒருவர் இதற்கு முன் ஆயிரம் முறை ஆடியிருக்கிறார், மற்றவர் முதல் முறையாகப் பார்க்கிறார். அந்த இடைவெளியைத்தான் அவர் ஒவ்வொரு நாளும் பயன்படுத்தினார்.

இதற்கு அறிவியல் வழியிலும் ஒரு விளக்கம் உண்டு. டச்சு உளவியலாளர் டி க்ரூட் தொடங்கிவைத்த ஆய்வுமுறையைப் பின்பற்றி, 1973இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நிலையை ஐந்து விநாடிகள் மட்டும் காட்டி, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். வலிமையான ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார், தொடக்கநிலையாளர் சிலவற்றைத்தான் வைத்தார். காய்களைக் கண்டபடி இறைத்து வைத்த நிலையைக் காட்டியபோது அந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துபோனது. தேர்ந்தவர் காய்களைத் தனித்தனியே பார்ப்பதில்லை, பழகிய கொத்துகளாகப் பார்க்கிறார் என்று அவர்கள் விளக்கினார்கள். ஒரே அமைப்பை ஆயிரக்கணக்கான முறை ஆடுபவர் அந்த அமைப்புக்குரிய கொத்துகளை மிக விரைவாகச் சேர்த்துக்கொள்கிறார்: எந்தக் கட்டத்தில் குதிரை உட்காரும், எஃப் சிப்பாயை எப்போது தள்ளலாம், எதிராளி இ4க்குச் சிப்பாயைத் தள்ளினால் எந்தக் காய் காப்பில்லாமல் தொங்கும் என்பவை கணக்குப் போடாமலேயே கண்ணில் படுகின்றன. பத்து நிமிட ஆட்டத்தில் இது நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. முதல் பத்து நகர்வுகளுக்கு அரை நிமிடம்கூடச் செலவழிக்காதவருக்கும், அதே நகர்வுகளுக்குள் மூன்று நிமிடத்தைக் கரைத்தவருக்கும் உள்ள வேறுபாடு முப்பதாவது நகர்வில் வெளிப்படும்.

ஆகவே, அவருடைய பாணி என்ன என்று கேட்டால் பசுத் தொடக்கம் என்று நான் சொல்லமாட்டேன். தொடக்கம் அந்தப் பாணிக்கு அமைந்த வாசல் மட்டுமே. நான் பாணி என்று எண்ணுவது, ஒருவர் ஒரே வகையான தருணத்தில் திரும்பத் திரும்ப எடுக்கும் முடிவை. காய்களை மாற்றிக்கொண்டு எளிதாக்குகிறாரா, இழுபறியை அப்படியே நீட்டுகிறாரா? நேரத்தை எங்கே செலவழிக்கிறார்? ஒரு காய் குறைந்த பின் என்ன செய்கிறார்? இந்த மூன்றையும் கேட்டால் அமெச்சூர் ஆட்டக்காரர் எவரையும் ஓரளவு வரைந்துவிடலாம். டைலர்1 தேர்ந்துகொண்ட வழியே முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறது: மோதலைத் தள்ளிப்போட்டு, பலகை நிறையக் காய்களை வைத்துக்கொண்டு, சிக்கலான நடு ஆட்டத்தில் எதிராளி தவறுவதற்காகக் காத்திருக்கும் ஆட்டம் அது. அங்கே வெற்றியைத் தீர்மானிப்பது நூலறிவைவிடத் தந்திர நகர்வுகளைக் காணும் கண். அதை வளர்க்கத்தான் அவர் அத்தனை புதிர்களைத் தீர்த்தார். நிதானமாக அடுக்கி, பிறகு கணக்கால் வெல்ல முயலும் இந்த ஆட்டத்தைத் தாக்குதல் ஆட்டம் என்றோ தற்காப்பு ஆட்டம் என்றோ பெயரிட எனக்கு மனம் வரவில்லை. 2000க்குக் கீழே உள்ள நம்மில் யாரையும் தாக்குதலுக்குப் பெயர்பெற்ற டால், தற்காப்புக்குப் பெயர்பெற்ற பெட்ரோசியன் என்ற பழைய உலக சாம்பியன்களின் பெயரைச் சொல்லி, ‘டால் போல ஆடுகிறார்’, ‘பெட்ரோசியன் போல ஆடுகிறார்’ என்பது பொருந்தாது என்றே நினைக்கிறேன். அவர்கள் பல வழிகள் தெரிந்து அவற்றில் ஒன்றைத் தேர்ந்தவர்கள், நமக்கோ பெரும்பாலும் ஒரு வழிதான் தெரியும்.

வினோதமான தொடக்கங்களை உயர்மட்டத்தினர் தொடவே மாட்டார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். 1966 உலக சாம்பியன் போட்டியில், சிப்பாய்களை ஒவ்வொரு கட்டம் மட்டும் நகர்த்திப் பதுங்கி நிற்கும் ‘ஹிப்போ’ அமைப்பைப் பெட்ரோசியனுக்கு எதிராக ஸ்பாஸ்கி பயன்படுத்தினார். 1980இல் ஸ்காரா நகரில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில், அப்போதைய உலக சாம்பியன் கார்ப்போவின் இ4க்கு மறுமொழியாக இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் ஏ6 ஆடி வெல்லவும் செய்தார். அவர்களுடைய வலிமை அந்தத் தொடக்கத்தின் குறையைத் தாங்கியது. டைலர்1 விஷயத்தில் அந்தக் குறையைத் தாங்கியது எதிராளிகளின் பயிற்சிக் குறைவு. இந்த வேறுபாட்டை மறக்காமல் இருந்தால் மூன்றாவது கேள்விக்குப் பதில் தானாகக் கிடைக்கும். அதற்குமுன் இரண்டாவதைப் பார்ப்போம், ஏனென்றால் அதில்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

“அத்தனை ஆட்டம் ஆடினால் யாருக்கும் ரேட்டிங் ஏறிவிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ரேட்டிங் கணக்கை அறிந்தவர் இதை ஏற்கமாட்டார். அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்பாட் எலோ வகுத்த முறையை 1970இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்டது. அதன்படி இருவருக்கும் சம ரேட்டிங் என்றால் எதிர்பார்ப்பு ஆளுக்குப் பாதி. 100 புள்ளி உயர்ந்தவர் நூறு ஆட்டத்தில் ஏறத்தாழ 64 ஆட்டப்புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுக்க வேண்டும், 200 உயர்ந்தவர் 76, 400 உயர்ந்தவர் 91. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுத்தால் ஏறும், குறைந்தால் இறங்கும். இணையத் தளங்கள் இதன் வளர்ந்த வடிவங்களைப் பயன்படுத்துகின்றன. புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறையை செஸ்.காம் பின்பற்றுகிறது, மற்றொரு தளமான லிச்செஸ் அதன் இரண்டாம் வடிவத்தைப் பின்பற்றுகிறது. இம்முறைகளில் ரேட்டிங்கோடு, அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஓர் எண் உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு அது பெரிதாக இருப்பதால் ஓர் ஆட்டத்துக்கு நூறு புள்ளிகூட நகரும், தொடர்ந்து ஆடுபவருக்கு அது சுருங்கி, சம வலிமையுள்ளவரோடு ஆடும்போது வெற்றிக்கும் தோல்விக்கும் ஏறத்தாழ எட்டுப் புள்ளி என்ற அளவில் நின்றுவிடும்.

இந்த எட்டை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300இலிருந்து 1900க்கு 1600 புள்ளிகள். எட்டால் வகுத்தால் 200. தளம் எப்போதும் நிகரானவரையே எதிரில் உட்கார வைக்கிறது, டிராக்களை விட்டுவிடலாம் என்று கொண்டால், தோல்விகளைவிட 200 வெற்றிகள் மட்டும் கூடுதலாகப் பெற்றால் அந்த உயரத்துக்குப் போய்விடலாம். நாலாயிரம் ஆட்டம் ஆடுகிற ஒருவர் 2100 வென்று 1900 தோற்றிருந்தாலே போதும். இவ்வளவு பெரிய ஏற்றத்தின் உள்ளே தோல்விகள் கிட்டத்தட்டச் சரிபாதி என்பது முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. தோற்ற ஒவ்வோர் இரவும் ‘நான் முன்னேறவில்லை’ என்று எண்ணிப் பலகையை மூடிவைக்கும் பெரியவர்களுக்கு இதைத்தான் தாளில் போட்டுக் காட்டுகிறேன்.

ஆனால் அந்தக் கூடுதல் 200 வெற்றிகள் ஆட்டங்களின் எண்ணிக்கையால் தாமாக வருவன அல்ல. ஒருவருடைய உண்மையான வலிமை 1200ஆகவே இருந்தால், அவர் பத்தாயிரம் ஆட்டம் ஆடினாலும் 1250க்குப் போனதும் எதிராளிகள் வலிமை கூடியவர்களாகி அவரைக் கீழே இழுப்பார்கள், 1150க்கு வந்ததும் எதிராளிகள் எளியவர்களாகி மேலே தள்ளுவார்கள். எட்டுப் புள்ளி வீதம் ஆடும் ஒருவருக்கு, உண்மை வலிமை துளியும் மாறாத நிலையிலேயே எண் மேலும் கீழும் நாற்பது, ஐம்பது அசைவது கணக்கின் இயல்பு. நீங்கள் சென்ற மாதம் 1204ஐத் தொட்டு மகிழ்ந்ததும், இம்மாதம் 1118க்கு இறங்கி வருந்தியதும் இந்த அசைவுக்குள் அடங்கிவிடக் கூடியவை. இரண்டையும் வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். நூறு ஆட்டத்துக்கு ஒருமுறை பார்த்து, முந்தைய நூறின் சராசரி ரேட்டிங்கோடு ஒப்பிட்டால் போதும். இந்தக் கணக்கின்படி, 1900 என்பதில் தொடர்ச்சியாக நிற்கும் ஒருவருக்கு அந்த வலிமை உண்மையாகவே இருக்கிறது. டைலர்1 தொட்டது அவருடைய உழைப்பால் கிடைத்த வலிமைதான். அதில் எனக்கு ஐயம் இல்லை.

அந்த வலிமையின் அளவு என்ன என்பது வேறு கேள்வி. செஸ்.காம் ரேபிட்டில் 1900 என்பது அங்கே ஆடுவோரில் 99 விழுக்காட்டினருக்கு மேலே இருக்கும் இடம். அதே நேரத்தில், அதே அளவுகோலில் 2900இல் உள்ள ஒருவரோடு ஆடினால், 1900இல் உள்ளவருக்கு எதிர்பார்க்கத் தக்கது ஆயிரம் ஆட்டத்தில் மூன்று ஆட்டப்புள்ளி. நம் தெருவில் யாராலும் வெல்ல முடியாத ஒருவருக்கும் பெரும் போட்டிகளில் ஆடும் கிராண்ட்மாஸ்டருக்கும் இடையில் எத்தனை படிகள் என்பதை இந்த இரு எண்களும் சேர்ந்துதான் காட்டும். நேர்ப்பலகைப் போட்டியில் இது எத்தனைக்குச் சமம் என்று மாற்றிச் சொல்லும் அட்டவணைகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ரேட்டிங்கும் தன் கூட்டத்துக்குள் மட்டுமே பொருள் தருவது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். ஃபிடேயே 2024 மார்ச்சில் 2000க்குக் கீழ் இருந்தோரின் ரேட்டிங்கை ஒரே நாளில் உயர்த்திச் சீரமைத்து, கீழ் எல்லையை 1400 ஆக்கியது. அன்று 1500 இருந்தவர் ஒரு நகர்வும் ஆடாமல் 1700 ஆனார். அவருடைய வலிமை அன்று மாறியதாக யாரும் சொல்லமாட்டார்கள். லிச்செஸில் புதியவருக்குத் தொடக்கமே 1500 என்பதால், நம் நிலையில் உள்ளவர்களுக்கு அங்கே எண் பொதுவாக அதிகமாகத்தான் தெரியும்.

ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் துல்லிய விழுக்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் “என் துல்லியம் 85 வந்தும் தோற்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது கணினியின் நகர்வுகளோடு உங்கள் நகர்வுகளை ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண். எதிராளி பத்தாவது நகர்விலேயே ராணியை இழந்தால், அதன்பின் எதை ஆடினாலும் நல்ல நகர்வாகவே அமைந்து உங்கள் மதிப்பெண் 93 ஆகலாம். இருவரும் நாற்பது நகர்வுகள் கத்திமுனையில் நின்று போராடிய அரிய ஆட்டத்தில் அது 76ஆக இருக்கலாம். இரண்டாவது ஆட்டத்தில்தான் நீங்கள் சிறப்பாக ஆடினீர்கள். அந்த எண்ணைப் பார்ப்பதைவிட, வெற்றி வாய்ப்பைக் காட்டும் கோடு எந்த நகர்வில் சரிந்தது, அந்த நகர்வுக்கு நீங்கள் எத்தனை விநாடி எடுத்துக்கொண்டீர்கள் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். நான் சொல்லித்தந்த பெரியவர்களிடம் கண்டவரை, கவிழ்க்கும் நகர்வு பெரும்பாலும் மூன்று, நான்கு விநாடியில் ஆடியதாகவே இருக்கிறது. கடிகாரத்தில் ஐந்து நிமிடம் மீதமிருக்கும்.

எண்ணிக்கையின் பலனைப் பற்றிப் பேசும்போது சென்னையின் டால் செஸ் கிளப்பை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1970களில் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய அந்தக் கிளப்பில், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடும் வழக்கத்தில், சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டங்கள் ஓயாமல் நடக்கும். சிறுவனாக அங்கே ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த், பின்னாளில் உலகமே வியந்த தம் வேகத்துக்கு அந்த நாட்களும் ஒரு காரணம் என்று சொல்லியிருக்கிறார். 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எண்ணற்ற ஆட்டங்கள் ஒருவரை வளர்க்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை. ஆனால் அங்கே எதிரில் உட்கார்ந்தவர்கள் பலர் அவரைவிட மூத்தவர்கள், தேர்ந்தவர்கள். தோற்றால் அன்றே காரணமும் தெரிந்துவிடும். ஒரே தொடக்கத்தின் வேலிக்குள் அவர் தம்மை அடைத்துக்கொள்ளவும் இல்லை.

இங்கேதான் டைலர்1 சென்ற வழியின் விலை தெரிகிறது. பசுத் தொடக்கத்தை மட்டும் ஆடுபவருக்கு நடுப்பலகை திறந்த ஆட்டங்கள் அரிதாகவே வருகின்றன. டி4இல் தனித்து நிற்கும் சிப்பாயை வைத்துக்கொண்டு எப்படித் தாக்குவது, அதற்கு எதிராக எப்படி முற்றுகையிடுவது, சிப்பாய்கள் இல்லாமல் திறந்த சி நெடுவரிசையில் யானையை எப்படி ஏழாம் வரிசைக்குக் கொண்டுபோவது என்பவற்றை அவர் ஆயிரம் ஆட்டத்திலும் சந்திக்காமல் போகலாம். 1900ஐச் சுற்றியுள்ள எதிராளி எச் சிப்பாயைத் தள்ளும் மருந்தை அறிந்திருப்பார். இடவசதியைப் பிடித்துவிட்டால் அவசரப்படாமல் நெரிக்கவும் தெரிந்திருக்கும். அதற்குமேல் ஏற வேண்டுமானால், தன் வலிமையையே இதுவரை தாங்கிய தூணை மாற்றிக் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ரேட்டிங் நூறு, நூற்றைம்பது இறங்குவதைப் பொறுக்கவும் வேண்டும். இது அவருடைய சாதனையைக் குறைத்துச் சொல்வதாகாது. வளர்ந்தவர்களுக்கு செஸ் வராது என்று சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பிய பயிற்சியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். இருபத்தெட்டு வயதில் தொடங்கிய ஒருவர் எல்லோர் கண்முன்னும் ஆடி, தோற்று, ஏறியது அந்தப் பேச்சுக்கு நல்ல பதில் என்று மனதார நம்புகிறேன்.

இனி உங்கள் ஆட்டம். நீங்கள் அனுப்பிய முப்பது ஆட்டங்களையும் பலகையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையில் மட்டும் இத்தாலியன், லண்டன், கிங்ஸ் காம்பிட், வியன்னா என்று நான்கு தொடக்கங்கள். கறுப்பில் ஒரு வாரம் சிசிலியன், மறுவாரம் காரோ-கான். ஒவ்வொன்றிலும் ஆறாவது நகர்வுவரை நூல்படி ஆடுகிறீர்கள், ஏழாவதில் எதற்காக அந்தக் காய்கள் அங்கே நிற்கின்றன என்பது தெரியாமல் நேரத்தைக் கரைக்கிறீர்கள், கடைசியில் குதிரையின் இரட்டைத் தாக்குதல் போன்ற எளிய அடியில் விழுகிறீர்கள். டைலர்1இடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பசுத் தொடக்கத்தை அல்ல. மாற்றாமல் இருக்கும் உறுதியையும் நாள்தோறும் புதிர் தீர்க்கும் பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் சொல்வது வெள்ளையில் இத்தாலியன், அதிலும் சி3, டி3 வைத்து நிதானமாக அடுக்கும் வடிவம். கறுப்பில் இ4க்குக் காரோ-கான். இரண்டும் ஒழுங்கான அமைப்புகள், திரும்பத் திரும்ப ஒரே வகை நடு ஆட்டத்தைத் தருபவை, 1150இலும் செல்லும், 2150இலும் செல்லும். டி4க்கு எதிராக இப்போதைக்கு டி5 ஆடி, காய்களை வெளியே எடுத்துக் காஸ்லிங் செய்தால் போதும்.

பத்து நிமிட ஆட்டத்தை விட்டு, பதினைந்து நிமிடமும் நகர்வுக்குப் பத்து விநாடி கூடுதலும் உள்ள ஆட்டத்துக்கு மாறுங்கள். நாளைக்கு இரண்டு ஆட்டம் போதும். அவரைப் போல நாள் முழுவதும் ஆட உங்களுக்கு வேலையும் குடும்பமும் இடம் தராது, அது அவருக்குத் தொழிலாகவே இருந்தது. தோற்ற ஆட்டத்துக்கு மட்டும் ஒரு நோட்டில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: கவிழ்ந்த நகர்வின் எண், அதற்கு எடுத்துக்கொண்ட விநாடிகள், எதிராளியின் முந்தைய நகர்வு எதைத் தாக்கியது. கணினியைத் திறக்குமுன் மூன்றாவதை நீங்களே கண்டுபிடித்து எழுத வேண்டும். ஐம்பது தோல்விகள் சேர்ந்ததும் அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஆட்டங்களை அனுப்ப வேண்டாம், நோட்டு மட்டும் போதும்.